ஷாங்காயில் நான் வாங்க மறுத்த பொதி

ஷாங்காய்க்குச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போனால் எங்கெங்கே ஏமாறாமல் இருக்க வேண்டும் என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், இப்போது நீங்கள் இருக்கும் நம்முடைய பயண அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன், இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அந்த வருடங்களில் பெரும்பகுதி கொழும்பு டிக்கெட், சென்னை டிக்கெட், லூர்து மாதா கோயிலுக்கு பஸ் என்றே போய்விட்டது. சீனாவுக்கு நான் ஆட்களைக் கொண்டுபோனது ஓய்வு பெறுவதற்கு முந்திய கடைசிக் காலத்தில், மூன்றே தடவை. அதில் முதல் தடவை நடந்ததைத்தான் உங்களுக்கு எழுதப்போகிறேன். அதை நான் இன்னமும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. ஆகவே பாடம் எங்கே இருக்கிறது என்று நீங்களும் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒக்டோபர் முதல் கிழமையில் போகாதீர்கள். அந்த நாட்டுச் சனம் முழுவதும் அதே கிழமையில்தான் ஊர் பார்க்கக் கிளம்பும்; நீங்கள் மனிதர்களின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். உயரமான கோபுரத்துக்கு முன்கூட்டியே சீட்டு வாங்காதீர்கள். காலையில் ஹோட்டல் ஜன்னலால் எட்டிப் பார்த்து, வானம் வெளித்திருந்தால் மட்டும் போங்கள். மேலே ஏறிப் போய் வெள்ளைப் பனிப்புகாரைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் என்னோடு வருடக்கணக்காகக் கதைக்காமல் இருந்திருக்கிறார்கள். ஆற்றைப் பார்க்க விளக்குப் போட்ட அலங்காரப் படகு தேவையில்லை. வேலைக்குப் போகிற சனம் ஆற்றைக் கடக்கும் சாதாரணப் படகில் ஏறினால் அதே இரண்டு கரையும் தெரியும். விமான நிலையத்தில் தானாக வந்து பையைத் தூக்குபவரின் காரில் ஏறக் கூடாது. நாங்கள் இங்கே பாவிக்கிற வரைபடம் அங்கே கைத்தொலைபேசியில் திறக்காது. ஹோட்டலின் பெயரைச் சீன எழுத்தில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். பெரிய சதுக்கங்களில் இளம் பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு வந்து, "உங்களோடு பேசிப் பழக ஆசை, வாருங்கள் தேநீர் குடிப்போம்" என்று கூப்பிட்டால் போகக் கூடாது. மாடியில் ஒரு சின்ன அறையில் இருத்தி, ஆறு விதமான தேநீரைச் சுவைக்கத் தந்து, கடைசியில் ஒரு பில் தருவார்கள். அதைப் பார்த்தால் குடித்த தேநீர் தொண்டையிலேயே நிற்கும்.

இவ்வளவும் ஒரே தாளில் அடங்கிவிட்டது. இனி அடங்காததைச் சொல்கிறேன்.

அந்த முதல் பயணத்தில் பதினொரு பேர் வந்தார்கள். அவர்களில் மூன்று பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் சிவநேசன், பாரிஸில் நம் சனத்தின் கடைத்தெருவான லா ஷப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை தட்டிப் பார்த்து வாங்குகிற மனிதர். இன்னொருவர் வித்யா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, பாரிஸில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. மூன்றாவது ஆள் பரமேஸ்வரி அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்து ஓய்வு பெற்றவர். பாரிஸுக்குச் சற்று வெளியே லா கூர்னெவ்வில் இருக்கிறார். வாழ்க்கை முழுவதும் மற்றவர்கள் படுத்த கட்டிலைச் சரிசெய்தவர், ஒருமுறையாவது தானும் ஹோட்டலில் படுத்து எழும்ப வேண்டும் என்று சொல்லித்தான் பயணத்துக்குப் பெயர் கொடுத்தார். முதல் நாள் காலை அவருடைய அறையை எட்டிப் பார்த்தபோது கட்டில் விரிப்பை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக ஒரு சீனப் பெண் வந்தார். தன்னைக் கிளேர் என்று கூப்பிடச் சொன்னார். நல்ல பிரெஞ்சு பேசினார். முப்பது வயது இருக்கும்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை, நிகழ்ச்சி நிரலில் 'பட்டு அருங்காட்சியகம்' என்று இருந்தது. உள்ளே போனால் ஒரு தட்டில் கொஞ்சம் பட்டுக்கூடு, சுவரில் இரண்டு படம். ஐந்து நிமிடத்தில் அது முடிந்தது. அடுத்த கதவைத் திறந்தால் கால்பந்து மைதானம் மாதிரி ஒரு விற்பனைக் கூடம். பட்டுப் பஞ்சுப் போர்வையை நாலு மூலையிலும் பிடித்து இழுத்துக் காட்டினார்கள். எங்களையும் இழுக்கச் சொன்னார்கள். இழுத்தவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தபோது ஏழு பேரின் கையில் தலையணை அளவு பெட்டி.

சிவநேசன் பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் கேட்கத்தான் கதைத்தார்.

"அண்ணை, நாங்கள் மியூசே பாக்க வந்தனாங்களோ, போர்வை வாங்க வந்தனாங்களோ?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கிளேரின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் முன்னால், "உங்களுக்குக் கடைக்காரனிடமிருந்து பங்கு வரும், இல்லையா? எங்களை விற்றுவிட்டீர்கள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"மிஸ்யூ, இது உங்கள் அலுவலகம் கையெழுத்திட்ட தாள். கடைகளுக்குப் போகாத பயணம், கடைகளுக்குப் போகிற பயணம் என்று இரண்டு விதம் அனுப்பியிருந்தோம். நீங்கள் மலிவானதைத் தெரிவுசெய்தீர்கள்."

கையெழுத்து என்னுடையதுதான். அந்த வரியை நான் வாசித்த ஞாபகமே இல்லை. வாசித்திருந்தாலும் விளங்கியிருக்குமா என்று தெரியாது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் நானும் கிளேரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நல்ல பாடம்தான். ஆனால் நான் அன்றைக்கு எடுத்துக்கொண்டது வேறு பாடம். இனி ஒருவரும் என் ஆட்களை ஏமாற்றக் கூடாது, கண்ணை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் பதினொரு பேரையும் இருத்தி, தேநீர்க் கதையை இரண்டு தரம் சொன்னேன்.

"ஆராவது வந்து தேத்தண்ணி குடிப்பம் எண்டு கேட்டால் என்ன சொல்ல வேணும்?"

"வேண்டாம் எண்டு சொல்ல வேணும்" என்றார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. பரமேஸ்வரி அக்காவும் சொன்னார்.

அன்று மத்தியானம் மக்கள் பூங்காவில் விட்டோம். அது நகரத்தின் நடுவில் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அங்கே கல்யாணச் சந்தை ஒன்று நடக்கும். பெற்றோர் வந்து, விரித்த குடையை நிலத்தில் வைத்து, அதன்மேல் ஒரு தாளைக் குத்தியிருப்பார்கள். மகனுக்கு, மகளுக்கு எத்தனை வயது, எவ்வளவு உயரம், என்ன படிப்பு, எங்கே வேலை, எல்லாம் அதில் இருக்கும். குடைகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. மழை இல்லை. பெற்றோர் சின்ன முக்காலிகளில் குந்திக்கொண்டு போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு வாசலில் எல்லாரும் சேர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சர்க்கஸ் வித்தை பார்க்க நாலு மணிக்கு இருக்கைகள் எடுத்திருந்தோம். நேரம் தவறினால் இடைவேளை வரை உள்ளே விடமாட்டார்கள். மூன்று மணிக்குப் பத்துப் பேர் வந்தார்கள். பரமேஸ்வரி அக்கா இல்லை. அவருடைய தொலைபேசியில் வெளிநாட்டு இணைப்பு இல்லை. செலவு என்று சொல்லிப் போடவில்லை.

மூன்றேகால் ஆனது. வித்யா பக்கத்தில் வந்தார்.

"அங்கிள், ஆன்ட்டி ஒரு வயசான கப்பிள் கூட ரோட்டைக் கிராஸ் பண்ணிப் போறதைப் பார்த்தேன். அந்தக் கடைக்கு மேல, மாடிப்படி ஏறினாங்க. தெரிஞ்சவங்களோன்னு நெனச்சேன்."

"ஷாங்காயிலை ஆரம்மா தெரிஞ்சவை?"

அவர் காட்டிய பக்கத்தில் இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு தேநீர்க் கிண்ணத்தின் படம் தொங்கியது.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அங்கே சீனம் தெரிந்த ஒரே ஆள் கிளேர். அவரை என்னோடு கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பத்துப் பேரும் வாசலில் அரை மணித்தியாலம் நின்றிருப்பார்கள், சர்க்கஸின் முதல் பகுதி போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நேற்று அவரைக் கள்ளி என்று சொல்லிவிட்டு இன்றைக்கு "வந்து உதவி செய்யுங்கள்" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "நீங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

கிளேர் என்னை ஒரு நொடி பார்த்தார். "என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. தேவை என்றால் எடுங்கள்" என்றார்.

"தேவைப்படாது."

பஸ் போய்விட்டது. நான் தெருவைக் கடந்து படியேறினேன். ஒடுக்கமான படி. மேலே சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் மூங்கில் திரை. என் தாளில் எழுதியது மாதிரியே இருந்தது. மூன்றாவது திரையை விலக்கினேன். பரமேஸ்வரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கையை நரைத்த தலை அம்மா ஒருவர் பிடித்திருந்தார். ஒரு முதியவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு கைத்தொலைபேசி, ஒரு துணிப் பொதி.

"அக்கா, எழும்புங்கோ."

"இருங்கோ தம்பி. இந்த மனிசி சொல்லுறதைக் கேளுங்கோவன்."

"காலமை என்ன சொன்னனான்? எழும்புங்கோ."

"அவை கூப்பிடேல்லை. நான்தான் கதைச்சனான். நான் குடையைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அதிலை ஒரு பிள்ளையின்ர படம். பின்னாலை எங்கட பாரிஸ் மெத்ரோ வாசல். 'பரி? பாரிஸ்?' எண்டு கேட்டன். அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சுப்போட்டு விடேல்லை."

மேசையில் இருந்த கைத்தொலைபேசியில் பேசினால் அது பிரெஞ்சைச் சீனமாகவும் சீனத்தைப் பிரெஞ்சாகவும் மாற்றுமாம். அதைக்கொண்டு ஒரு மணித்தியாலமாகக் கதைத்திருக்கிறார்கள். அவர்களுடைய மகள் பாரிஸில் வேலை செய்கிறாள். பல மாதமாகப் போன் எடுப்பதில்லை. அவள் சீனக் கணக்கில் ஆட்டு வருடத்தில் பிறந்தவள், ஆட்டு வருடத்துப் பெண்ணை அங்கே கட்டப் பயப்படுவார்களாம்.

"எங்கட பிள்ளைக்குச் செவ்வாய் எண்டு நானும் சொன்னன் தம்பி. அது போனிலை என்னெண்டு போச்சோ தெரியேல்லை, ஆனால் மனிசிக்கு விளங்கிச்சு."

"அந்தப் பிள்ளை பாரிஸிலை எங்கை இருக்கிறா?"

"அதுதான் புதினம். லா கூர்னெவ். எங்கட வீட்டிலையிருந்து நாலு தெரு."

பாரிஸைச் சுற்றி எத்தனை ஊர், இவர் சொன்னதைக் கேட்டுத்தான் அவர்களும் அதையே சொன்னார்களோ என்று தோன்றியது. "நீங்கள் லா கூர்னெவ் எண்டு முதலிலை சொன்னியளோ, அவை முதலிலை சொன்னவையோ?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "தெரியேல்லை தம்பி. ஆர் முதலிலை சொன்னதெண்டு ஞாபகம் இல்லை."

அந்த நேரம் நரைத்த அம்மா பொதியை என் பக்கம் தள்ளினார். நான் கேட்காமலே அவிழ்த்துக் காட்டினார். கையால் பின்னிய, கை வைக்காத கம்பளிச் சட்டை, கடுஞ்சிவப்பு. காய்ந்த பழம் ஒரு பை. மடித்த கடிதம். தனியே, விலாசம் எழுதிய ஒரு தாள். மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று பரமேஸ்வரி அக்கா சொன்னார். தான் ஓமென்று சொல்லிவிட்டாராம்.

முன்பின் தெரியாதவர் தருகிற பொதியை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. நம் தொழிலில் இதைவிடப் பெரிய சட்டம் இல்லை. சட்டையின் மடிப்புக்குள் என்ன இருக்கிறது, பழத்துக்குள் என்ன இருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும்? சுங்கத்தில் பிடித்தால் அகப்படப்போவது அக்கா. நான் முடியாது என்று தலையாட்டினேன். முதியவர் கைத்தொலைபேசியை என் வாய்க்குக் கிட்ட நீட்டினார், பேசும்படி. நான் அதை விலக்கிவிட்டேன். முதலில் இங்கிருந்து வெளியேற வேண்டும், அதற்குத் தேநீர் பில்லைக் கட்ட வேண்டும், இனித்தான் அந்தப் பெரிய தொகையைக் காட்டுவார்கள் என்று நினைத்து, கிண்ணங்களைக் காட்டி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் உரசி, எவ்வளவு என்று கேட்டேன்.

முதியவர் மனைவியைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பில்லைக் கேட்டால் காசு தருகிறார். நான் அதைத் திருப்பித் தள்ளினேன். அவர் இன்னும் இரண்டு நோட்டைச் சேர்த்து வைத்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது மாதிரி இருந்தது. ஒரு கம்பளிச் சட்டையைக் கொண்டுபோக யாராவது காசு தருவார்களா? இதற்குள் ஏதோ இருக்கிறது. நான் நோட்டுகளை மேசையின் அந்தக் கரைக்கே தள்ளிவிட்டு அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"தம்பி, அந்தப் பிள்ளை தனியத் தம்பி."

"அட்ரெஸ் தாளை மட்டும் எடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

நரைத்த அம்மா சட்டையை மடித்தார். நெஞ்சுப் பக்கம் உள்ளே வருகிற மாதிரி, கடைகளில் மடிப்பது போல. பழப் பையை அதன்மேல் வைத்துத் துணியை முடிந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. கீழே போகும்போது காசாளரிடம் பில்லைக் கேட்டேன். முதியவர் வந்தவுடனேயே கட்டிவிட்டார் என்று சைகையால் சொன்னாள். சுவரில் விலை எழுதியிருந்தது. பாரிஸில் ஒரு கோப்பி விலைகூட இல்லை.

கிளேரின் நம்பர் என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு நிமிடம் போதும். கிளேருக்குப் போன் எடுத்து அந்த முதியவரிடம் பேசக் கொடுத்திருந்தால் நடந்திருக்கக் கூடியது வேறு. எனக்கு அது நினைவுக்கு வந்தது, படியில் இறங்கும்போதே வந்தது. அப்படியும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பரமேஸ்வரி அக்கா என்னைக் கேட்காமல் அந்தத் தாளைக் கிளேரிடம் காட்டினார். கிளேர் வாசித்தார்.

"இது பள்ளி ஆசிரியையின் கையெழுத்து மாதிரி இருக்கிறது. மகளின் பெயர் லின். விலாசம் இருக்கிறது. கீழே ஒரு வரி: இதைக் கொண்டுவருகிறவர் நல்லவர், உள்ளே விடு."

"அவர்களை இப்போது கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டேன். அவரிடம் நான் மரியாதையாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"போன் நம்பர் இல்லை. சந்தை இனி அடுத்த சனிக்கிழமைதான்."

எங்களுக்கு மத்தியானம் விமானம். விமான நிலையத்தில் கிளேரிடம் பட்டுக் கடை விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, எல்லாக் கூட்டமும் இரண்டாம் நாள் என்னைத் திட்டும்" என்றார். அடுத்த இரண்டு பயணத்துக்கும் அவரைத்தான் கேட்டு எடுத்தேன்.

பாரிஸ் வந்த பிறகு பரமேஸ்வரி அக்கா இரண்டு தடவை அந்த வீட்டு மணியை அடித்திருக்கிறார். ஒருவரும் திறக்கவில்லை. மூன்றாவது தடவை என்னையும் வரச் சொன்னார். "பொதியை விட்டிட்டு வரப்பண்ணினது நீங்கள். முகத்தைக் காட்ட நீங்களும் வாங்கோ" என்றார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கார் து நோரில் ஏறி லா கூர்னெவ்வில் இறங்கினேன்.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. முப்பது சொச்சம் வயதுப் பெண். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன விற்கிறீர்கள்?"

"ஒன்றும் விற்கவில்லை. உங்கள் அம்மாவை ஷாங்காயில் சந்தித்தோம்."

"இது எந்த மாதிரி மோசடி?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் பார்த்தார். நியாயமான கேள்விதான், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பரமேஸ்வரி அக்கா தாளை இடைவெளிக்குள் நீட்டினார். அவர் வாங்கி வாசித்தார். பிறகு சங்கிலி விழுந்தது.

சின்ன வீடு, துப்புரவாக இருந்தது. லின் ஒரு மொத்த உடுப்புக் கடையில் கணக்கு எழுதுகிறாராம். பெற்றோர் தன்னைக் கேட்காமல் படத்தைக் குடையில் குத்திவிட்டார்கள் என்று ஷாங்காய் அயல் வீட்டுத் தோழி ஒருத்தி அனுப்பிய படத்தில் பார்த்தாராம். வயது, உயரம், 'விரைவில் ஊர் திரும்புவாள்' என்று ஒரு வரி. தான் திரும்புவதாக ஒருநாளும் சொன்னதில்லை என்றார். அன்றைக்குப் போனை வைத்தவர், பிறகு எடுக்கவில்லை. ஏழு மாதம்.

"அம்மா ஏதாவது தந்தாரா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும்.

"தந்தார். கம்பளிச் சட்டை, காய்ந்த பழம். நான்தான் வேண்டாம் என்றேன். தெரியாதவர் தருகிற பொதியைக் கொண்டுவருவதில்லை, அது எங்கள் தொழிலின் சட்டம்."

"கடிதம் இருந்ததா?"

"இருந்தது."

"எத்தனை பக்கம்?"

"தெரியாது. மடித்திருந்தது."

லின் எழுந்து போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார். முதுகு எங்கள் பக்கம் இருந்தது. தண்ணீர் கொதிக்க முதலே அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எங்கள் முன்னாலேயே தாயைக் கைத்தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே இரவு பத்தரை மணி இருக்கும். உடனே எடுத்தார்கள், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தவர்கள் மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சண்டை பிடிக்கிறார்களா, அழுகிறார்களா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எனக்குச் சண்டை மாதிரி இருந்தது. அக்கா இல்லை என்றார்.

பிறகு லின் கைத்தொலைபேசியை எங்கள் பக்கம் திருப்பினார். நரைத்த அம்மா பரமேஸ்வரி அக்காவைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஏதோ சொன்னார். லின் என் பக்கம் திரும்பினார். அவருடைய முகமும் மாறியிருந்தது.

"பொதியைக் கொண்டுபோக நீங்கள் காசு கேட்டீர்களாம். அப்பா கொடுத்தது போதாது என்று தள்ளிவிட்டீர்களாம்."

அந்த அறையில் நான் ஏமாற்றுக்காரரைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர்களும் அதே நேரம் ஓர் ஏமாற்றுக்காரரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அது நான்.

விரலை உரசியது தேநீர் பில்லுக்கு என்று லின்னிடம் சொன்னேன். கிண்ணங்களைக் காட்டியதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. லின் சீனத்தில் சொன்னார். அந்த அம்மா கேட்டார். பிறகு பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார். இடையில் முதியவரின் குரலும் வந்தது. லின் ஒருமுறை சிரித்தார். ஒருமுறை மூக்கைத் துடைத்தார். கடைசியில் வைத்துவிட்டார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை. பரவாயில்லையாம்."

அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. லின் தேநீர் தந்தார். குடித்தோம். பரமேஸ்வரி அக்கா தன் வீட்டு இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டு, புதன்கிழமை இடியப்பம் அவிப்பேன், வந்து சாப்பிடு என்று பிரெஞ்சில் சொன்னார். வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. லின் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். பிற்பாடு லின் சாப்பிடப் போனதாக அறிந்தேன். எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்கு என்ன சொல்வது? பொதியை வாங்காதீர்கள். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். நாளை உங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படி ஒரு பொதியோடு வந்தால் திருப்பிக் கொடுக்க வையுங்கள். ஆனால் அதற்கு முதல் உட்காருங்கள். யாராவது கைத்தொலைபேசியை நீட்டினால் அதில் பேசுங்கள். மொழி தெரிந்தவரோடு எந்தக் கோபம் இருந்தாலும் கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று வித்யா பிறகு ஒருநாள் சொன்னார். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஏமாற்று எங்கே என்று பார்ப்பதிலேயே இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்படிப் பார்க்காமல் விட்டிருந்தால் வேறு எங்காவது மாட்டியிருப்போமோ என்னவோ, அதுவும் தெரியாது.

அன்று பரமேஸ்வரி அக்கா என்னோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்தார்.

"தம்பி, அவ்வளவு நேரம் கதைச்சதுக்குப் 'பரவாயில்லை' மட்டுமோ?"

"எனக்கும் விளங்கேல்லை அக்கா."

"என்னவோ வேறையும் சொன்னவா."

"ஓம். சொல்லியிருப்பா."

மேடையில் ரயில் வரும் சத்தம் கேட்டது. அவர் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அடுத்த முறை ஷாங்காய் போகேக்கை என்ர பேரையும் எழுதுங்கோ. அந்த மனிசி அங்கைதான் இருப்பா. அந்தப் பொதியை நான் வாங்கிக்கொண்டு வருவன்."

"வாங்கக் கூடாது அக்கா."

"தெரியும் தம்பி" என்றார்.